கோடி அற்புதருக்குப் போன கட்டில் சீட்டு

“…அப்ப காலமை தொடக்கம் அவரின்ரை மன்றாட்டுப் பெட்டிக்குள்ள கிடக்கிறது, நீ இரவைக்குப் படுக்கிற கட்டிலின்ரை சீட்டோ?” என்றார் அன்ரி.

தொலைபேசியின் அந்தப் பக்கம் ரொறொன்ரோவில் காலை ஒன்பதரை. இந்தப் பக்கம் இத்தாலியில் பின்னேரம் மூன்றரை. அன்ரி ஸ்காபரோவில், வாகனப் பரீட்சை நிலையத்தின் தரிப்பிடத்தில், தன்னுடைய நீலக் காருக்குள் இருந்தார். பத்து மணிக்கு அவருக்கு ரோட் ரெஸ்ற். நாலாம் தரம். நான் பாதுவா நகரத்து ரெயில் நிலைய வாசலில், மகனின் பழைய பள்ளிக்கூடப் பை முதுகில் தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அந்த வாசலுக்கு நான் வந்தது இரண்டாம் தரம்.

“ஓம் அன்ரி,” என்றேன். “உங்கடை என்வலப் இஞ்ச என்ரை கையிலதான் இருக்கு.”

ரெஸ்ற்றுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன்.

அன்ரி ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், எங்கள் அடுக்குமாடியில் எனக்கு எதிர்க் கதவு. மன்னார்க் கத்தோலிக்கர். நான் சைவம். ஆனால் பதினெட்டு வருடமாக அவர் வீட்டு நத்தார்ப் பலகாரம் என் வீட்டிலும், என் வீட்டுப் பொங்கல் அவர் வீட்டிலும்தான் முதலில் முடியும். அங்கிளுக்குப் போன வருடம் கண் மங்கி லைசென்ஸ் போய்விட்டது. அதோடு அன்ரிக்குக் கார் ஓட்டப் பழகும் ஆவேசம் வந்துவிட்டது, அறுபத்திரண்டு வயதில். கேட்பவர்களுக்கெல்லாம், “சமைக்கப் பழகினது பசி வந்தாப் பிறகுதானே?” என்பார்.

மூன்று தரம் விழுந்தார். முதல் தரம், நாற்பதில் போகவேண்டிய தெருவில் பதினெட்டில் போனார். இரண்டாம் தரம், நாலு பக்கமும் நின்று போகிற சந்தியில், வந்த காரையெல்லாம் “போங்கோ, போங்கோ” என்று கையைக் காட்டி அனுப்பிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். பரீட்சகர் இருமினாராம். மூன்றாம் தரம் எல்லாம் சரியாகத்தான் போனது. திரும்பி வரும் வழியில் ஒரு தேவாலயம். ஐம்பது வருடத்துக்கு மேல் கோயில் வாசலைக் கடக்கும்போதெல்லாம் சிலுவை போட்ட கை. ஒரு கை தானாக நெற்றிக்குப் போக, மற்றக் கை அதற்கு மரியாதை செய்ய நெஞ்சுக்குப் போக, பக்திக்குக் கண்ணும் மூட, காரை ஒரு நிமிடம் கர்த்தரே ஓட்டினார். பரீட்சகர் வேறு மதமோ என்னவோ, கூப்பிட்டு நிறுத்திவிட்டார்.

அங்கிளின் தம்பிக்கு அந்தக் காரில் ஒரு கண். நல்ல மனுசன், குறை சொல்லக் கூடாது. ஆனால் வரும்போதெல்லாம் ரயரை ஒரு தரம் உதைத்துப் பார்ப்பார். கடைசியில் குடும்பமாக இருந்து கதைத்து முடிவெடுத்தார்கள்: நாலாம் தரம் பாஸ் என்றால் கார் அன்ரிக்கு. விழுந்தால் அன்றைக்கே காரின் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, தம்பியின் கையில். கூடவே இன்னொன்று: அன்ரி பிறகு ரெஸ்ற் என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

அந்த நேரத்தில்தான் நான் இத்தாலிக்கு வெளிக்கிட்டேன். ஐம்பது வயது. பாலர் பராமரிப்பு நிலையம் ஒன்றின் சமையலறையில் வேலை. பிள்ளைகளுக்கு ஆப்பிள் வெட்டி வெட்டி, ஆப்பிள் இல்லாத ஓர் ஊரைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. (அங்கேயும் ஆப்பிள் இருந்தது. அது வேறு.) மலிவு விமானம், பலர் சேர்ந்து படுக்கும் விடுதியில் மலிவுக் கட்டில், நாலு நகரம், தனியாக. “ஒருத்தியாவோ?” என்று கேட்காத ஆள் இல்லை. அன்ரி மட்டும், “தனியப் போறவளுக்குத்தான் கூடச் சனம் சேரும்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பாதுவாவுக்குப் போவியோ?” என்றார்.

பாதுவாவில்தான் கோடி அற்புதர் என்ற புனிதரின் கல்லறை. கத்தோலிக்கர் அவரை அப்படித்தான் சொல்வார்கள். தொலைந்ததைத் தேடித் தருகிறவர். செவ்வாய்க்கிழமை அவருடைய நாள். என் பயணத் திட்டத்தில் பாதுவா வெனிஸுக்கு முதல் நாள் விழுந்தது. அங்கே காலை விடிவது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்ரியின் ரெஸ்ற்றும் அதே செவ்வாய். “கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரியெல்லே கிடக்கு!” என்று அன்ரி கையைத் தட்டினார்.

இனி என்வலப் கதை. எங்கள் ஆட்களின் வீட்டில் ஒரு லாச்சி இருக்கும். இழுத்தால், கலியாணவீடு பிறந்தநாள் என்று அன்பளிப்பு வைத்துக் கொடுக்க வாங்கிய சிவப்பு என்வலப்புகள், தங்க நிறத்தில் குத்துவிளக்குப் போட்டவை, பத்துப் பத்தாகக் கட்டிக் கிடக்கும். எந்தக் கடுதாசிக்கும் கை அங்கேதான் போகும். நாலு நகரத்துக் கட்டில் முன்பதிவுச் சீட்டுகளையும் அச்சடித்து நாலு என்வலப்பில் போட்டு ஒட்டினேன். மகன், “அம்மா, எல்லாம் போனிலயே இருக்கு, வை டூ யூ நீட் பேப்பர்?” என்றான். போன் செத்தால் கடுதாசி வாழும் என்றேன். அன்றைக்குப் பின்னேரம் அன்ரி வந்து, “பிள்ளை, ஒரு என்வலப் தாவன்,” என்றார். அதே கட்டிலிருந்து ஐந்தாவதை எடுத்துக் கொடுத்தேன். தன் மன்றாட்டை எழுதி ஒட்டிக் கொண்டுவந்தார்.

“மேல பேர் எழுதட்டோ அன்ரி?”

“எழுதாதை. அவருக்கு என்னைத் தெரியும். மன்றாட்டை நாலு பேர் பாத்தா அதில என்ன மரியாதை? ரெஸ்ற்றுக்கு முன்னம் அவரிட்டைப் போகவேணும், அவ்வளவுதான்.”

வெளிக்கிட்ட நாள் லிஃப்ற் வாசலில் வந்து நின்றார். எங்கே போகிறாய் என்று வெளிக்கிடுகிற ஆளிடம் கேட்கமாட்டார், சகுனம். “கனதூரமோ?” என்றார், எல்லாம் தெரிந்துகொண்டே. நான் உற்சாகத்தில் “போறன் அன்ரி!” என்றேன். லிஃப்ற் கதவுக்குள் கையை விட்டு நிறுத்திவிட்டார்.

“என்ன சொன்னனீ?”

“போயிட்டு வாறன்.”

“அப்பிடிச் சொல்லு. போறன் எண்டு சொல்லிப்போட்டு ஆரும் வீடு விட்டு இறங்கிறதோ?” கதவை விட்டார்.

இரண்டு நகரம் முடிந்தது. பாதுவாவுக்கு வந்து அன்றைய கட்டிலின் சீட்டையும் கொடுத்தபோது பையில் இரண்டு என்வலப்புகள் மிச்சம்: ஒன்று வெனிஸ் கட்டில், மற்றது அன்ரி. மேலே கட்டில், அடியில் அன்ரி, ரப்பர் வளையம் போட்டு. இரவு மேல்கட்டிலிலிருந்து பை கீழே விழுந்தது. கீழ்க்கட்டில் பெண் தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுத் தந்தாள். எது மேல் எது கீழ் என்று நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

காலை ஏழு மணிக்கெல்லாம் பெரிய கோயிலில் நின்றேன். கல்லறையின் பின்பக்கத்துக் கல்லில் சனம் கையை வைத்து, கண்ணை மூடி, வாய்க்குள் கதைக்கிறது. என் முறை வந்தபோது நானும் கையை வைத்தேன். குளிர்ந்த கல், வழவழப்பு. “அன்ரி அனுப்பினவ,” என்றேன், வேறென்ன சொல்வது? பக்கத்தில் மன்றாட்டுப் பெட்டி. அடியிலிருந்த என்வலப்பை எடுத்து உள்ளே போட்டேன். டொக் என்று விழுந்தது. வெளியே வந்து, “போட்டாச்சு அன்ரி, கவலையில்லாமல் ஓட்டுங்கோ,” என்று குரலில் ஒரு செய்தி அனுப்பினேன். அங்கே அப்போது நடுச்சாமம் தாண்டியிருந்தது. எழும்பினதும் கேட்பார்.

அதற்குப் பிறகு எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பொறுப்பு முடிந்தது, பகல் முழுதும் என்னுடையது. கடை வாசலில் நின்றபடி கோப்பி குடித்தேன். இருந்து குடித்தால் விலை கூட, நின்று குடித்தால் குறைவு என்று முதல் நாளே படித்திருந்தேன். நின்று குடிப்பவர்கள்தான் அங்கே கூடச் சிரித்தார்கள் என்பதும் உண்மை. வெனிஸுக்கு எல்லாத் தரிப்பிலும் நிற்கிற மலிவு ரெயில் பிடித்தேன். கடைசியில் நிலம் முடிந்து, இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே ரெயில். எதிரே இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பி யன்னல் பக்கத்தை எனக்குத் தந்தார். நாளாந்தம் பார்க்கிற தண்ணீரை யாராவது அப்படி வாயைப் பிளந்து பார்த்தால் சொந்தக்காரனுக்குப் பெருமைதானே.

வெனிஸ் நிலையத்தின் வாசலுக்கு வந்தேன். படிகள். படிகளுக்குக் கீழே தெரு இருக்கவேண்டும். தெரு இல்லை! தண்ணீர். பஸ் வருகிற இடத்தில் வள்ளம் வருகிறது, அதற்கும் இலக்கம், அதற்கும் வரிசை, அதிலும் இடிபாடு. நான் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். ரொறொன்ரோவில் பஸ் பிந்தினால், “வள்ளத்திலயோ வருது?” என்று அன்ரி கேட்பார். இங்கே உண்மையாகவே வள்ளத்தில்தான் வருகிறது என்று யாருக்குச் சொல்வது? பக்கத்தில் நின்ற புறாவுக்குச் சொன்னேன்.

வள்ளத்துக்குச் செலவழிக்காமல் நடந்தேன். ஒரு சந்துக்குள் போனால் சுவர், திரும்பி மற்றதுக்குள் போனால் வாய்க்கால், மூன்றாவதுக்குள் போனால் முன்பு பார்த்த அதே சுவர். வழி தவறுவதற்கு இவ்வளவு அழகான ஊர் வேறு இருக்காது. கத்தரிக்காய் வைத்த பாண் ஒன்று வாங்கி ஒரு பாலத்துப் படியில் இருந்தேன். சீருடைக்காரர் ஒருவர் வந்து, “சிக்னோரா!” என்று விரலை ஆட்டினார். படியில் இருந்து சாப்பிடக் கூடாதாம். எழும்பி நின்று சாப்பிட்டேன். தலையாட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது.

இரண்டு மணியாகியது. கட்டில் எந்தப் பக்கம் என்று பார்ப்போம் என்று பையிலிருந்த என்வலப்பைப் பிரித்தேன். உள்ளே அச்சடித்த சீட்டு இல்லை. கொப்பியிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். அன்ரியின் உருண்டை உருண்டையான எழுத்து. “அன்பான கோடி அற்புதருக்கு” என்ற முதல் வரியோடு கண்ணை இழுத்து மூடிக்கொண்டேன்.

காலையில் பெட்டிக்குள் போட்டது என் கட்டில் சீட்டு. பத்து மணி ரெஸ்ற் என்றால் இங்கே நாலு மணி. கையில் இரண்டு மணித்தியாலம். ஓடினேன்.

எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓடுவதும் ஓட்டம்தானா? அதே சுவர். அதே வாய்க்கால். அழகு அப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாம் தரம் ஒரே பாலத்தில் ஏறியபோது, ஹோட்டல் உடுப்பு மூட்டைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் நின்றார். முகத்தைப் பார்த்ததும், “லங்காவா?” என்றார். சிலாபத்துக்காரர். சிங்களத்தில் தமிழையும் தமிழில் சிங்களத்தையும் கலந்து கதைத்தார்.

“ஸ்டேசன், ஸ்டேசன்,” என்றேன். “பாதுவா. கோடி அற்புதர். ரெஸ்ற் நாலு மணிக்கு!”

சொன்னதில் ஒரு வசனமும் முழுசாக இல்லை. ஆனால் கோடி அற்புதர் என்றதும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். “நேர்ச்சையா அக்கா? வாங்க.” வண்டியைத் திருப்பினார். படி ஏறுவதற்கென்றே அந்த வண்டிக்கு முன்பக்கம் குட்டிச் சில்லுகள். “டக், டக், டக்” என்று ஒவ்வொரு பாலமாக அவர் ஏற, நான் பின்னால் ஓட, எங்களுக்கு வழிவிடச் சுற்றுலாக்காரர்கள் சுவரோடு ஒட்ட, திருவிழாச் சப்பறத்துக்குப் பின்னால் போவது போல இருந்தது. நிலைய வாசலில் நிறுத்தினார். “அக்கா, எனக்கும் ஒண்டு கேளுங்க. குடும்பத்தைக் கூப்பிட விசா.” அவ்வளவுதான் கேட்டார். மூட்டைகளோடு திரும்பிப் போனார்.

ரெயில் முழுதும் நின்றுகொண்டே வந்தேன். இருந்தால் பிந்திவிடும் போல. பாதுவா வாசலில் ட்ராமுக்கு நிற்கும்போதுதான் அன்ரி அழைத்தார், சும்மா தைரியத்துக்கு ஒரு குரல் கேட்க. பொய் சொல்லியிருக்கலாம். “போட்டாச்சு” என்று காலையில் சொன்னதை ஒரு தரம் திருப்பிச் சொன்னால் போதும். ஆனால் அன்ரியிடம் பொய் சொல்வது எப்படி என்று பதினெட்டு வருடத்தில் நான் பழகவில்லை. சொல்லிவிட்டேன். அவரும் கேட்டார், கட்டிலின் சீட்டோ என்று.

அன்ரிக்குப் பக்கத்து ஆசனத்திலிருந்து அங்கிளின் தம்பியின் குரல் கேட்டது. “என்னவாம் அண்ணி? வீட்டை போவமோ?”

“நீ பேசாமல் இரு. திறப்பில கண் வைச்சுக்கொண்டு!” என்று அவருக்குச் சொல்லிவிட்டு, அன்ரி என்னிடம் வந்தார். “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டான் எண்டுறவை. என்ரை பூசாரி நீதான் பிள்ளை.”

“அன்ரி, இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு. ட்ராம் வருது. நான் போடுறன்.”

“நான் பாஸ் பண்ணவேணும் எண்டோ எழுதினனான் எண்டு நினைக்கிறாய்? அதுக்கு அவரை ஏன் கரைச்சல் படுத்துவான்? அந்தக் கோயிலடி வருமெல்லே. இந்த ஒரு தரம் மட்டும் சிலுவை போடாமல் போகப்போறன், கோவிக்காதையுங்கோ எண்டுதான் கேட்டனான். பெமிசன் கேட்டனான், பிள்ளை! பெமிசன் இல்லாமல் என்ரை கை நிக்காது.”

திடீரென்று அந்தப் பக்கம் ஒரு சத்தம். அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரிப்பு.

“எட்டுப் பேர் படுக்கிற அறை, மேல்கட்டில், பெண்கள் மட்டும் எண்டெல்லே உன்ரை சீட்டில கிடக்கும். எண்ணூறு வருசத்தில இப்பிடி ஒரு மன்றாட்டு வந்திராது. அவர் இப்ப யோசிச்சுக்கொண்டிருப்பார், எங்க மேல்கட்டில் எடுக்கிறது எண்டு.”

நானும் சிரித்தேன். ட்ராமுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது அங்கே யாரோ அன்ரியைக் கூப்பிடுவது கேட்டது. ஆங்கிலத்தில், இலக்கம் சொல்லி. நேரத்துக்கு முன்னமே கூப்பிட்டுவிட்டார்கள்.

“போறன்,” என்றார் அன்ரி.

வைத்துவிட்டார். போயிட்டு வாறன் இல்லை. போறன்.

ட்ராமில் நான் எந்த இடத்தில் ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது. கல்லறையடியில் நீள வரிசை. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் என் கை கல்லில் இருந்தது. “வணக்கம். காலமை வந்தனான்தான்,” என்றேன். “அது என்ரை. இதுதான் அவவின்ரை. உள்ள பெமிசன் கேட்டுக் கிடக்கு, கெதியா வாசியுங்கோ. சிலாபத்து அண்ணைக்கு விசா.” என்வலப்பைப் பெட்டிக்குள் போட்டேன். டொக். இப்போதே அன்ரி அந்தக் கோயிலைக் கடந்திருப்பார். கடந்து முடிந்திருப்பார். பின்னால் நின்ற பெண்மணி என் தோளில் கை வைத்து என்னவோ சொன்னாள், இத்தாலியனில். அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். பாதி சரி.

வெளியே வந்து, சதுக்கத்தில் ஒரு கல்லில் இருந்தேன். இங்கே இருக்கலாமா என்று கேட்க எந்தச் சீருடைக்காரரும் வரவில்லை. நாலேகால். நாலு இருபது. போனைக் கையில் வைத்திருப்பதா, பைக்குள் வைப்பதா? கையில் வைத்திருந்தால் அடிக்காது என்று பைக்குள் வைத்தேன். அடித்தது.

வீடியோ அழைப்பு. முதலில் தெரிந்தது இரண்டு மூக்குத் துவாரம். அங்கிளின் தம்பியுடையது.

“அக்கா!” என்றார் மூக்கு. “அண்ணி பாஸ்!”

நான் சத்தம் போட்டதில் சதுக்கத்துப் புறாக்கள் ஒரு தரம் எழும்பி இருந்தன.

“கிட்டப் பிடிக்காதையப்பா, அவள் என்னைப் பாக்கட்டும்,” என்ற குரல் பக்கத்திலிருந்து வந்தது. போன் திரும்பியது. அன்ரி. ஓட்டுகிற ஆசனத்தில். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், பார்வை நேரே. தம்பி பக்கத்து ஆசனத்தில், பெல்ற் போட்டு, நல்ல பிள்ளையாக.

“அன்ரி! கோயிலடியில என்ன செய்தனீங்கள்?”

“கதைக்கப்படாது, ரேர்ண் எடுக்கிறன்,” என்றார். எடுத்து முடித்தார். பிறகுதான் சொன்னார். “உன்ரை பெமிசன் வரேல்லையே. சும்மா கடந்து போகேலுமோ? வாய்க்குள்ள போட்டனான்.”

“வாய்க்குள்ளயோ?”

“நாக்காலை. மேல் அண்ணத்தில. மேல, கீழ, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கை ரெண்டும் வைச்ச இடத்திலதான். பக்கத்தில இருந்தவருக்கு ஒண்டும் தெரியாது. நான் பல்லுக்குள்ள ஏதோ எடுக்கிறன் எண்டு நினைச்சிருப்பார்.”

தம்பி சிரித்ததில் போன் ஆடியது. காருக்கு வெளியே ஒரு செங்கல் சுவர், ஒரு சின்ன மணிக்கூண்டு வந்து நின்றது. அதே தேவாலயத்தின் தரிப்பிடம். காரை இரண்டு கோட்டுக்கு நடுவே விடவேண்டியவர், ஒரு கோட்டின் மேலேயே விட்டார். என்ஜினை நிறுத்தினார். திறப்பை இழுத்து எடுத்து, தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்.

“பிடி. இப்ப மட்டும்.”

பிறகு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். கண்ணை மூடினார். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள், அவசரமில்லாமல். கண்ணைத் திறக்காமலே கையைப் பக்கத்தில் நீட்டி, திறப்பைத் திருப்பி வாங்கினார்.